மாடு தின்னாத அக்கா

…இல்லை, நான் கேக்கிறன், இது நியாயமோ? நீங்களே சொல்லுங்கோ அக்கா! காலமை றிஸ்பா மிஸ்ஸுக்குப் போன் வருது. "மாட்டைத் தின்னது இவா இல்லை" எண்டு ஆய்வுகூடமே சொல்லுது. சொல்லி என்ன? பின்னேரம் லொறி வருதாம்! உங்களைக் கூட்டோட தூக்கி ஏத்தி, எங்கயோ தெற்கால, பேர்கூட வாயில நுழையாத ஒரு காட்டில கொண்டுபோய் விடப்போகினமாம்! மாடு தின்னேல்லையாம், ஆனாலும் போகவேணுமாம். இதென்ன கதை? சோதினை பாஸ், ஆனாலும் வகுப்பேத்தமாட்டம் எண்ட மாதிரி!

உஸ்… உறுமாதேங்கோ. நான் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்ல. பாருங்கோ, கம்பிக்கு இஞ்சால, அந்த ஐயா கட்டிவிட்ட கயித்துக்கும் இஞ்சால, ஒரு வாளியைக் கவுட்டுப்போட்டு அதுக்கு மேல குந்தியிருக்கிறன். அவர் நல்ல மனுசன், வனவிலங்குத் திணைக்களத்துப் பெரிய ஐயா. தமிழை ஒவ்வொரு சொல்லாத் தூக்கித் தூக்கி வைப்பார். "தங்கச்சி… கிட்டே… போக வேணாம். சத்தம்… போட வேணாம். மிருகம் பயப்படும். ஹரிதானே?" ஹரி எண்டால் அவற்ற சிங்களத்தில சரி. ஹரி ஐயா, ஹரி! நான் எங்க சத்தம் போட்டனான்? முணுமுணுக்கிறன். முணுமுணுக்கிறது சத்தத்தில சேராது. எங்கட வகுப்பு ரீச்சரிட்டக் கேட்டுப் பாருங்கோ, ரெண்டு வருசமா இதைத்தான் அவாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறன்.

எல்லாரும் சனசமூக நிலையத்தில சாப்பிடப் போட்டினம். காவலுக்குக் கிருபன் அண்ணையை விட்டவை. அவர் உந்தப் பாலை மரத்துக்குக் கீழ… கேக்குதோ? கொர்ர்ர்… ஃபூ… கொர்ர்ர்… ஃபூ… சீ, இது நான் விட்டது. அவற்ற குறட்டை இவ்வளவு வடிவா இராது. அவர் நித்திரை எண்டபடியால்தான் நான் உங்கட கூட்டைச் சுத்தி மறைச்சுக் கட்டின தறப்பாளுக்குக் கீழால புகுந்து வந்தனான். ஒரு பெட்டை சிறுத்தையோட தனிய இருந்து கதைக்கிறாள் எண்டு ஆரும் கண்டால், வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வருவினம்.

சிறுத்தை எண்டுதான் சொல்லவேணும், என்ன. மற்ற ரெண்டெழுத்துப் பேரைச் சொன்னால், சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்ர அப்பா ஒருக்காப் படலைப் பக்கம் திரும்பிப் பாப்பார். "முழுசாச் சொல்லு பிள்ளை, சிறுத்தை எண்டு சொல்லு" எண்டுவார். அப்பிடியே சிறுத்தை அக்கா எண்டு வைப்பம். நான் யதுர்ஷிகா. உயர்தரம் படிக்கிறன் எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. படிக்கிறனோ இல்லையோ, இந்த ஊரில எனக்கு வராத குரல் கிடையாது. பாண்காரன், பிரின்சிப்பல், ஐயர், அகவுற மயில்… அது இருக்கட்டும்.

நீங்களும்தான் அக்கா! கோபிக்காதேங்கோ, ஆனால் நீங்களும்தான்! நடுப்பத்தைக்குள்ள ஒரு கிடாய் தன்பாட்டில வந்து நிண்டு "மே…" எண்டு கத்துமோ? ஆர் கட்டினது, ஏன் கட்டினது, பக்கத்தில ஏன் ஒரு இரும்புப் பெட்டி நிக்குது, ஒரு யோசினையும் இல்லை. நேர உள்ளுக்க! டமார்! இப்ப அந்தக் கிடாய் கம்பிக்கு அங்கால பத்திரமா நிண்டு கிளுவங்குழை தின்னுது. உங்களைப் பாத்துக்கொண்டு தின்னுது. அதுக்கு நக்கல். நானெண்டால் அந்த மூஞ்சிக்கே…

சரி, சரி. கிடாயில பிழையில்லை. எல்லாப் பிழையும் தில்லைநாதன் மாமாவில.

தில்லைநாதன் மாமாவைக் கண்டிருப்பியள். உங்களைப் பிடிச்ச அண்டைக்குக் கூட்டுக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்தவர், வெள்ளைச் சேட்டு, வயிறு முன்னுக்கு, ஆள் பின்னுக்கு. எங்கட பக்கத்து வளவு. கமக்காரர் அமைப்புத் தலைவர், கோயில் பொருளாளர், சமாதான நீதவான், இன்னும் என்னென்னவோ. கதைக்க முதல் ரெண்டு தரம் செருமுவார். "க்ஹூம். க்ஹூம். அன்பார்ந்த கமக்காரப் பெருமக்களே! இந்தக் குளமானது… இந்தக் குளமானது எங்களுக்குத் தாயானது!" எப்பிடி? அச்சு அசல், என்ன? போன திருவிழாவில மைக் சும்மா கிடந்தது. நான் இந்தக் குரலில, "க்ஹூம், க்ஹூம், இண்டைக்குத் துரிசு திறந்து தண்ணி விடப்படும், எல்லாரும் உடனடியாக வயலுக்குச் செல்லவும்" எண்டு ஒரு வசனம்தான் சொன்னனான். ஒரே ஒரு வசனம்! சாமி வீதி சுத்துது, பின்னால ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை! எல்லாரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோட வாய்க்கால் கரையில! ஐயோ… எனக்கு வயிறு நோகுது… அண்டையில இருந்து மனுசன் என்னோட முகம் குடுக்கிறதில்லை. மைக்கைத் தொட்டால் கையை முறிப்பன் எண்டு அம்மாவிட்டச் சொன்னவர். கையால ஆர் மைக்கில கதைக்கிறது?

எங்க விட்டனான்? ஆ, பிழை.

றிஸ்பா மிஸ்ஸைத் தெரியும்தானே. உங்களுக்கு அவாவைத் தெரியாட்டிலும் அவாவுக்கு உங்களை உள்ளுக்காலயே தெரியும். வவுனியாப் பக்கம் ஆள், பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி. எங்கட வீட்டு முன்னறையிலதான் வாடகைக்கு இருக்கிறா. என்ன ஆராய்ச்சி எண்டு கேட்டால் நீங்கள் வெக்கப்படுவியள். உங்கட பீ! அவா எச்சம் எண்டுவா. காட்டுப் பாதையில ஒரு எச்சத்தைக் கண்டால் காணும், பெருநாள் வட்டிலப்பத்தைக் கண்ட மாதிரி முகம் மலரும். "மெதுவா தங்கச்சி, மெதுவா… மிதிச்சிராதேங்கோ… மாஷா அல்லாஹ், என்ன புதுசு பாருங்களே…" கையுறை போட்டு, சின்னக் குச்சியால ஒற்றி எடுத்து, குப்பியில போட்டு, மூடி… நாங்கள் தங்கம் வாங்கினாலும் இவ்வளவு பக்குவமா வீட்ட கொண்டுவரமாட்டம்.

அவா சொல்லுவா, எச்சத்துக்கு மேல பளபளப்பா ஒரு பூச்சு இருக்குமாம். அது உங்கட குடலில இருந்து உரஞ்சிக்கொண்டு வாறது. அதுக்குள்ள இருக்கிற டி.என்.ஏயைப் பாத்தால் நீங்கள் ஆணோ பெண்ணோ, ஆற்ற மகள், ஆற்ற தாய், எல்லாம் தெரியுமாம். உள்ளுக்கு இருக்கிறதைப் பாத்தால் ஆரைத் தின்னனீங்கள் எண்டும் தெரியுமாம். சுடாமல், பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல், நீங்கள் தன்பாட்டில நடக்க, பின்னால போய் உங்கட குடும்ப வரலாறு முழுக்கப் பொறுக்கிக்கொண்டு வந்திட்டா! உங்கட அம்மா ஏ-ஒன்பது றோட்டுக்கு மேற்கால காட்டில. உங்கட மனுசன் கிழக்கால, நாயாற்றுப் பக்கம். அவர் ஒரு ஊர்சுத்தி, மிஸ் அவற்ற எச்சத்தை எங்கெங்கயோ எடுத்திருக்கிறா. உங்கட மோன் எங்கட குளக்கட்டோட. இன்னும் உங்களோடதான் திரியிறவர், தனிய வேட்டையாடத் தெரியாது எண்டு மிஸ் சொன்னவா. நீங்கள் கூட்டுக்க கிடக்கிற இந்த நாளெல்லாம் அவர் என்னத்தைத் தின்னிறாரோ… ஓந்தியோ, எலியோ…

ஏன் எழும்புறியள்? இருங்கோ, இருங்கோ. அதுக்குத்தானே கதைக்கிறன்.

கேளுங்கோ, முக்கியமான விசயம். மிஸ் பாத்த சிறுத்தையளுக்குள்ள அந்த றோட்டைக் கடந்து மேற்குக் காட்டு இரத்தத்தைக் கிழக்குக் காட்டுக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் நீங்கள்தானாம். அவ்வளவு பஸ்ஸும் லொறியும் பறக்கிற றோட்டு! எங்கட அம்மா வெள்ளைக் கோட்டில நிண்டே கடக்கப் பயப்படுவா. உங்களை இஞ்சயிருந்து தூக்கினால் ரெண்டு காடும் ரெண்டு தனிக் குடும்பமாப் போயிடுமாம். பிறகு சொந்தத்துக்கயே சொந்தம், சித்தப்பன்ர மோளை பெரியப்பன்ர மோன் கட்டி, நோஞ்சான் நோஞ்சானாக் குட்டி போட்டு, கடைசியில ஒண்டும் மிஞ்சாதாம். மிஸ் இதைச் சொல்லேக்க அழுற மாதிரி இருந்தவா. நான் அவான்ர குரலில திருப்பிச் சொல்லிப் பாத்தனான். எனக்கும் அழுகை வந்தது. அதுக்குப் பிறகு அந்தக் குரலில பகிடி விடுறேல்ல.

அப்ப எப்பிடி நீங்கள் மாடு தின்னி ஆனீங்கள்? அதுதானே கேக்கிறியள்? விமலேஸ்வரி மாமியால!

தில்லைநாதன் மாமாவின்ர மனுசி. தங்கமான மனுசி, ஆனால் சாணி! அவா விடியமுன்னம் எழும்பினால் முதல் வேலை சாணித் தண்ணி. முற்றத்துக்கு, படலைக்கு, கிணத்தடிக்கு… நிண்டால் எங்களுக்கும் தெளிச்சுப் போடுவா. வெள்ளிக்கிழமை எண்டால் தெளிக்கிறதில்லை, மெழுகுறது! அந்த வெள்ளிக்கிழமை விடிய மாமா போட்டார் ஒரு கூப்பாடு. நாங்கள் ஓடிப் போனால், ஈரம் காயாத முற்றத்துக்கு நடுவில ஒரு சிறுத்தை எச்சம். பக்கத்தில கால் தடங்கள். மாமா சொல்லுறார், "க்ஹூம்! உறுமினது! நேர வந்தது! கண்ணால கண்டனான்! மண்வெட்டியை ஓங்கினன் பாருங்கோ, பின்வாங்கிப் பாய்ஞ்சிட்டுது!"

மாமிக்கு அதொண்டும் காதில விழேல்ல. வெள்ளிக்கிழமை மெழுகின முற்றத்தில பீ! ஓடிப்போய் வாளியை எடுத்து, அந்த எச்சத்துக்கு மேல சாணித் தண்ணியைச் சளார் எண்டு ஊத்தினா. ஒருக்கா இல்லை, மூண்டு தரம்! துடக்குத் தீட்டைக் கழிச்சவாவாம்! பீயில இருந்து முற்றத்தைச் சுத்தப்படுத்தச் சாணி! ஐயோ அக்கா, நீங்களும் சிரியுங்கோவன், பல்லெல்லாம் தெரியுதுதானே…

இல்லை? அது சிரிப்பில்லையோ. சரி.

பிறகுதான் றிஸ்பா மிஸ் கையுறையோட ஓடி வந்தவா. தரை ஈரம், எச்சம் ஈரம். பனி எண்டு நினைச்சிட்டா. அவான்ர வீட்டில சாணி மெழுகிற வழக்கமே இல்லை, அவாவுக்கு என்னெண்டு தெரியும்? மாமியும் சொல்லேல்ல. ஏன் சொல்லவேணும்? மூச்சு விட்டனான் எண்டு ஆராவது சொல்லுறதோ? மிஸ் சந்தோசமா ஒற்றி எடுத்து, குப்பியில போட்டு, அனுப்பினா. மறுமொழி வந்தது. இது இன்ன பெண் சிறுத்தை, அதாவது நீங்கள். தின்னது: காட்டுப் பண்டி, முசல், மாடு. மாடு!

மாமாவின்ர நாகுக் கண்டு, பசுக் கண்டு ஒண்டு, அந்தக் கிழமைதான் காணாமல் போனது. எங்க போனது எண்டு இண்டைக்கும் ஆருக்கும் தெரியாது. பிறகென்ன! அதுவரைக்கும் "அந்தப் பிள்ளை பீ பொறுக்கித் திரியுது" எண்டு நக்கலடிச்ச மனுசன், அண்டையில இருந்து விஞ்ஞானி! "க்ஹூம், க்ஹூம்! டி.என்.ஏயே சொல்லிப்போட்டுது! டி.என்.ஏக்கு மேல சாட்சி உண்டோ?" மனுப் போட்டு, கையெழுத்து வாங்கி, கூடு வந்து, கிடாய் வந்து… நீங்கள் வந்து…

நீங்கள் பிடிபட்டதுக்கு மற்ற நாள் விடிய நான் வேலியால பாக்கிறன், மாமி தெளிச்சுக்கொண்டு நிக்கிறா. சளார்… சளார்… எனக்கு உச்சந்தலையில ஆரோ குட்டின மாதிரி. அட! அது வயித்துக்க இருந்த மாடு இல்லை, வாளிக்க இருந்த மாடு! ஓடிப்போய் மிஸ்ஸை எழுப்பிச் சொன்னன். மிஸ் படுக்கையில எழும்பி இருந்து, தலையில கையை வைச்சு, "யா அல்லாஹ், சாணியா? ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" எண்டு கேட்டவா. நான் என்னத்தைச் சொல்ல?

முதல் தரம் மாடு எண்ட இனத்தை மட்டும்தானாம் பாத்தவை. எந்த மாடு எண்டு பாக்கேல்லையாம். "மாமாவின்ர மாடுகள்ல வாலில இருந்து வேரோட மயிர் வேணும் தங்கச்சி, ஏலுமோ?" எண்டா. ஏலுமோவாம்! மாமியின்ர குரலில "பா… பா… என்ர குஞ்செல்லே" எண்டு கூப்பிட்டு ஒவ்வொண்டாப் புடுங்கினன். பாப்பாத்தி எண்ட பசு மட்டும் உதைஞ்சது. இஞ்ச பாருங்கோ, முழங்காலில நீலம். அந்தப் பாப்பாத்திதான்! இண்டைக்குக் காலமை வந்த போன் அதுதான்! உங்கட எச்சத்தில இருந்த மாடும் பாப்பாத்தியும் ஒண்டுக்கு ஒண்டு முழுசாப் பொருந்துதாம். காணாமல் போன அவளின்ர கண்டு எண்டால் பாதிதான் பொருந்துமாம், இது முழுக்க அவளேதானாம். நீங்கள் தின்ன மாடு கொட்டிலுக்க நிண்டு வைக்கோல் தின்னுது அக்கா! நான் முற்றத்தில துள்ளின துள்ளில அம்மா பேய் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சவா.

அதோட முடிஞ்சிருக்கவேணும். முடியேல்லையே!

பெரிய ஐயா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டவர். கேட்டிட்டுச் சொல்லுறார், "மாடு இல்லை. ஹரி. நான் ஒத்துக்கொள்ளுறேன். ஆனா மிஸ்… வீட்டு முற்றத்துக்கு வந்ததுதானே? மிருகம்… மனுசனுக்குப் பயமில்லை. சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம். தலைவர் கண்ணாலே கண்டதுதானே?" எச்சம் உங்கடதான், டி.என்.ஏ பொய் சொல்லாது. தில்லைநாதன் மாமா நெஞ்சை நிமித்திக்கொண்டு, "கண்டனான் ஐயா, கண்ணுக்குக் கண் பாத்தனான்!" எண்டார்.

கண்ணுக்குக் கண்! ஆற்ற கண்ணுக்கு ஆற்ற கண்? நீங்கள் அந்த முற்றத்துக்கு வரவே இல்லை! வராத ஆளை வந்தவா எண்டு, காணாததைக் கண்டனான் எண்டு, ஒரு சமாதான நீதவான்…

என்ன, அப்பிடிப் பாக்கிறியள்?

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ?

…அக்கா, உங்கட கண் நல்ல வடிவு, ஆனால் அதை இமைக்காமல் வைச்சிருக்கிறது எனக்குச் சரிவரேல்ல. …பாக்காதேங்கோ. சிரிப்பு வருது. பயமாவும் கிடக்கு. ரெண்டும் சேந்து வருது…

சரி! சரி, சொல்லுறன்! டி.என்.ஏ ஆர் போட்டது எண்டு சொல்லும். ஆர் தூக்கிக்கொண்டு போனது எண்டு சொல்லாது. தூக்கிக்கொண்டு போனது நான்!

அது வியாழக்கிழமை பின்னேரம் குளக்கட்டில, துரிசடியில கிடந்தது. மிஸ்ஸுக்குக் காட்டத்தான் ஓலைத் துண்டில ஏந்தினனான், சத்தியமா. ஏந்தினாப்போல மூளைக்குள்ள தில்லைநாதன் மாமா செருமினார். அவ்வளவுதான். விடிய மாமி மெழுகிப்போட்டுக் கை கழுவக் கிணத்தடிக்குப் போனா. நான் வேலியால புகுந்து, நடு முற்றத்தில அதைப் பக்குவமா இறக்கி, பொத்தின கையை ஒருக்கா ஊண்டி, நாலு விரல் நுனியால நாலு புள்ளி… அப்பிடியே மூண்டு நாலு தடம். உங்கட காலை விட நல்ல வடிவான கால். பிறகு வேலிக்கு அங்கால போய், இந்த மாதிரி ஒரு வாளிக்குள்ள தலையை விட்டு, ஹ்றாக்… ஹ்றாக்… ஹ்றாக்… ஈர்வாளால மரம் அரியிற மாதிரி. எப்பிடி?

…கொட்டாவி விடுறியளே. அவ்வளவு மோசமோ? மாமாவுக்கு அது காணுமாயிருந்தது அக்கா! வாயில பிறஷ், ஒரு கையில அவிழுற சாரம், மற்றக் கையால பிடிச்சு உழவு யந்திரத்தின்ர சீற்றில ஏறி, அங்க நிண்டு, "விமலா! விமலா! கதவைப் பூட்டு! என்னை உள்ளுக்க விட்டிட்டுப் பூட்டு!" எண்டு… மண்வெட்டியாவது! பிறஷைத் தவிர ஒண்டையும் ஓங்கேல்ல மனுசன்!

அண்டைக்கே சொல்லியிருப்பன். சிரிச்சு முடியட்டும் எண்டு இருந்தனான். சிரிச்சு முடியேக்க மனுப் போட்டாச்சு. சொன்னால் மாமா என்ர தோலை உரிப்பார், அப்பா தலை குனிவார், மிஸ்… மிஸ் என்னை நம்பித்தானே காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு திரிஞ்சவா. அதுதான் உங்களிட்ட முதல் சொல்லிப் பழகுவம் எண்டு வந்தனான். எந்தக் குரலில சொல்லுறது எண்டுதான் தெரியேல்ல. ஐயரின்ர குரலில சொன்னால் மந்திரம் மாதிரி இருக்கும். பிரின்சிப்பலின்ர குரலில எண்டால்…

என்ன, காதை அங்கால திருப்புறியள்? நான் இஞ்ச கதைக்கிறன்.

அங்க என்ன கிடக்கு? தறப்பாள்தானே. தறப்பாளுக்குக் கீழ… ரெண்டு செருப்பு. செருப்புக்குள்ள கால். காலுக்கு மேல வெள்ளை வேட்டிக் கரை…

மாமா.

எவ்வளவு நேரமா நிக்கிறியள் மாமா?

…கிடாய்க் கதையில இருந்தோ. …அப்ப திருவிழாக் கதையும் கேட்டியளோ! ஐயோ.

இல்லை மாமா, அடிக்கிறதெண்டால் அடியுங்கோ, ஆனால் சத்தமில்லாமல் அடியுங்கோ. மிருகம் பயப்படும். …என்ன? இல்லை மாமா, அது உங்கட குரல் இல்லை, அது சும்மா… ஓம் மாமா. உங்கட குரல்தான். …ஓம், அந்த ரெண்டு செருமலும். அப்பிடித்தான் செருமுவியள். நீங்கள் கேட்டதில்லையோ?

மாமா, என்னை என்னவும் செய்யுங்கோ. மைக்கில கட்டி வையுங்கோ. ஆனால் பெரிய ஐயாவிட்ட நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லவேணும். கொண்டுபோய்ப் போட்டது நான் எண்டு நானே சொல்லுறன். ஆனால் நீங்கள் கண்டனான் எண்டு நிண்டால் என்ர சொல் எடுபடுமே? பெட்டை பொய் சொல்லுறாள் எண்டுவினம். நீங்கள் சமாதான நீதவான். …தெரியும் மாமா. வெக்கம்தான். ஊர் சிரிக்கும்தான். என்னைப் பாத்தும் சிரிக்கும், சேந்து நிண்டு வாங்குவம். இஞ்ச பாருங்கோ இவாவை. ஒருக்கா வடிவாப் பாருங்கோ, நீங்கள் இன்னும் கிட்டப் பாக்கேல்லையே. குட்டியை விட்டிட்டு வந்து கிடக்கிறா. நீங்கள் கண்ணுக்குக் கண் பாக்கவேணும் எண்டால் இப்ப பாருங்கோ…

…பாத்தியளோ.

…என்ன மாமா, பின்னால போறியள்?

வருகினம்! ஜீப் சத்தம். சாப்பிட்டு முடிஞ்சுது. பெரிய ஐயா கூப்பிடுறார், உள்ளுக்க ஆர் எண்டு. சொல்லுங்கோ மாமா. …சொல்லுங்கோவன்! வாயைத் திறவுங்கோ! என்ன, சத்தம் வரேல்லையோ? ஆயிரம் பேருக்கு முன்னால மைக் பிடிக்கிற ஆள்! …நான் சொல்லவோ? உங்களுக்காக? தலையை ஆட்டுங்கோ. ஆட்டுறியளோ, நடுங்குறியளோ?

ஆட்டினது எண்டே எடுக்கிறன்.

"க்ஹூம். க்ஹூம். நான்தான் ஐயா, தில்லைநாதன். நான் சிறுத்தையைக் காணேல்ல. அண்டைக்கு நான் கண்டது எச்சத்தை மட்டும்தான். மிச்சமெல்லாம் பயத்தில சொன்னது. அந்த மனுவை நான் வாபஸ் வாங்குறன்."

…

"க்ஹூம்" எண்டது இப்ப நானில்லை மாமா, நீங்கள். …போறியளோ? வெளியாலயோ? அக்கா, மாமா வெளியால போறார்… ஐயாவுக்கு முன்னால நிக்கிறார்… "ஓம் ஐயா, நான்தான் சொன்னனான்" எண்டுறார்! தன்ர வாயால சொல்லுறார்! நான் போறன் அக்கா, என்ர பங்கை நான் சொல்லவேணும். மிஸ்ஸும் நிக்கிறா. ஆற்ற குரலும் வருகுதில்லை இப்ப. வாற குரலில சொல்லுறன்…

அக்கா! அக்கா, நான்தான்! இப்ப ஜீப்புக்குள்ள இருக்கிறன், கண்ணாடியை ஒரு விரலளவுதான் திறக்க விட்டவை. கேக்குதோ? தறப்பாளைக் கழட்டியாச்சு. கூட்டுக் கதவுக்கு நீளக் கயிறு கட்டியாச்சு, மற்றத் தலைப்பு கிருபன் அண்ணையின்ர கையில, அவரும் உள்ளுக்கதான், முழிச்சிருக்கிறார். ஒரு பக்கத்தில றிஸ்பா மிஸ், மற்றப் பக்கத்தில மாமா, நடுவில நான், பாணுக்க வைச்ச சம்பலாட்டம். மிஸ் என்னோட கதைக்கேல்ல. கதைக்காமலே என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா, நசுக்கிறாவோ பிடிக்கிறாவோ எண்டு விளங்கேல்ல. ஐயா மேலிடத்துக்கு எத்தினை போன் எடுத்தார் தெரியுமோ! இவாவின்ர இடம் இதுதான், குட்டியும் இருக்குது, இஞ்சயே விடுவம் எண்டு கடைசியாச் சொல்லியாச்சு. லொறி வெறும் லொறியாத் திரும்பிப் போகுது!

கயித்தை இழுக்கிறார்… கதவு மேல எழும்புது…

திறந்திட்டுது! வாங்கோ அக்கா!

…வாங்கோவன்! என்ன படுத்துக் கிடக்கிறியள்? ஒரு ஊரே மானம் கெட்டுக் கதவைத் திறந்து வைச்சிருக்கு! உள்ள வரேக்க மட்டும் என்ன அவசரம்! …ஓம் ஐயா, சத்தமில்லை, ஹரி ஐயா. …ஓம் மாமா, வாயைப் பொத்துறன். பொத்தியாச்சு.

…

…ஆர் அது? குளக்கட்டுப் பக்கம்… கேக்குதோ? கரகரவெண்டு, சின்னதா, தொண்டை திறக்காத சத்தம்… திரும்பவும்!

ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்? நானில்லை! மாமா, சத்தியமா நானில்லை! இஞ்ச பாருங்கோ என்ர வாயை, ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டுதானே இருக்கிறன்! மிஸ், நீங்கள் சொல்லுங்கோவன், எனக்கு இந்தக் குரல் வராது, நான் இன்னும் பழகவே இல்லை! அது இவாவின்ர மோன்ர சொந்தக் குரல்!

எழும்பீட்டா… மாமா, எழும்பீட்டா… எங்களைப் பாக்கவே இல்லை… அங்க, கட்டுக்கு மேல, ரெண்டு காது தெரியுது…

உஸ்…